தள்ளுபவர் ஒருவரே ஆகையால்

புதிதாக அறிவியல் ஆசிரியராகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் வந்து அரை மணி நேரம் பேசச் சொன்னார்கள். நான் மறுத்துவிட்டேன். மேடையில் ஏறினால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியும். உங்களை இருபத்தைந்து நிமிஷம் சிரிக்கவைத்து, மீதி ஐந்து நிமிஷம் நானே சிரித்து, சொல்ல வந்த விஷயத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு திண்டிவனத்துக்கு பஸ் ஏறிவிடுவேன். அதனால் எழுதித் தருகிறேன். எழுத்தில் நான் கொஞ்சம் யோக்கியன்.

ஒரு நல்ல ஆசிரியரை எப்படிக் கண்டுபிடிப்பது என்று யாராவது உங்களைக் கேட்டால், அவருடைய பிள்ளைகள் எழுதும் சரியான விடைகளைப் பார்க்காதீர்கள். சரியான விடை ஊருக்கெல்லாம் ஒன்றுதான். தப்புதான் ஆளுக்கு ஆள் மாறும். ஒரு வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் ஒரே தப்பை, ஒரே வாக்கியத்தில், ஒரே இடத்தில் இரட்டைக்கோடு போட்டு எழுதியிருந்தால், அங்கே பிரமாதமான ஆசிரியர் ஒருவர் வேலை பார்க்கிறார் என்று தைரியமாகச் சொல்லலாம்.

அந்தப் பிரமாதமானவன் நான்தான்.

திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். இயக்க விதிகள் பாடத்தில் ஒரு கணக்கு வரும். விசை மாறாமல் இருந்தால் நிறையும் முடுக்கமும் எதிர்மாறலில் இருக்கும். நிறை இரண்டு மடங்கானால் முடுக்கம் பாதி, மூன்று மடங்கானால் மூன்றில் ஒரு பங்கு. கேட்க எளிது. ஆனால் நிறை பத்து கூடினால் முடுக்கம் பத்து குறையும் என்று கழித்தே தீருவேன் என்கிற பிள்ளைகள் உண்டு. கணக்கு வகுப்பில் நேர்மாறலுக்குக் கற்றுக்கொண்ட குறுக்குப் பெருக்கலை இங்கேயும் போட்டு, நிறை கூடக் கூட முடுக்கமும் கூடுகிறது என்று நிரூபித்து, நியூட்டனையே கலங்கவைக்கும் பிள்ளைகளும் உண்டு. உங்கள் வகுப்பிலும் இந்த இரண்டு கட்சியும் இருக்கும். கவலைப்படாதீர்கள்.

இரண்டையும் ஒரே அடியில் தீர்க்க நான் ஒரு வைத்தியம் வைத்திருந்தேன். எங்கள் அலுவலக உதவியாளர் ஒரு பழைய மொபெட்டில் வருவார். அதை மைதானத்துக்குக் கொண்டுவரச் சொல்வேன். வகுப்பிலேயே பலசாலியான பையனைப் பின்னால் நிறுத்துவேன். முதலில் ஒரு மல்லாட்டை மூட்டையை, நிலக்கடலைதான், ஏற்றித் தள்ளச் சொல்வேன். நாற்பது கிலோ. மற்றவர்கள் கைதட்டிக் கணக்கு எண்ணுவார்கள். பிறகு இரண்டு மூட்டை. அதே பையன், அதே பலம். வண்டி மெதுவாகக் கிளம்பும். "ஏன் மெதுவா போவுது?" என்று கத்துவேன். வகுப்பு திருப்பிக் கத்தும். அப்போதுதான் சூத்திரத்தைச் சொல்லுவேன்:

தள்ளுபவர் ஒருவரே ஆகையால், முதல் நிறையை முதல் முடுக்கத்தால் பெருக்கி, இரண்டாம் நிறையால் வகுக்க.

விடையின் அடியில் இரண்டு கோடு. ஒரு கோடு போட்டால் சந்தேகம், இரண்டு போட்டால் நம்பிக்கை என்பது என் கொள்கை.

இதை மைதானத்தில் பாட்டாகச் சொல்லவைப்பேன். பக்கத்து வகுப்பு தமிழாசிரியர் ஜன்னலை மூடுவார். அந்த ஜன்னல் மூடப்படும் சத்தம் எனக்குக் கிடைத்த விருது.

ஒரே ஒரு சங்கடம் இருந்தது. இரண்டு மூட்டை ஏற்றும்போது முடுக்கம் சரியாகப் பாதியாகக் குறையாது. பாதிக்கு மேலேயே நிற்கும். ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான். நான் அதற்கு உராய்வு என்று ஒரு காரணம் சொல்லிவிடுவேன். உராய்வு வண்டியை இன்னும் மெதுவாக்குமே தவிர வேகமாக்காது என்பதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் என்னிடம் கேட்டுக்கொண்டதில்லை. நமக்குப் புரியாததற்கெல்லாம் உராய்வு என்று பெயர் வைக்கிற பழக்கம் நம் தொழிலில் அதிகம். நீங்களும் வைப்பீர்கள்.

அந்த வருஷம் என் வகுப்பில் சங்கீதா என்று ஒரு பெண் இருந்தாள். மரக்காணம் தாண்டிக் கடலோரக் குப்பம். திண்டிவனத்தில் விடுதியில் தங்கிப் படித்தாள். பேச்சு குறைவு. நான் மொபெட் வித்தையை முடித்துக் கைதட்டல் வாங்கிக்கொண்டு நிற்கும்போது அவள் கையைத் தூக்கினாள்.

"சார், வண்டி வெயிட்டு?"

"இன்னா வண்டி வெயிட்டு?"

"இல்ல சார், எங்க ஊட்ல படகக் கரையேத்துறப்போ தள்ளுவோம். வலைய மட்டுமா தள்றோம், படகயும் சேத்துதான தள்றோம்."

இப்போது எழுதும்போது அந்தக் கேள்வி எவ்வளவு தெளிவாக இருக்கிறது பாருங்கள். அப்போது எனக்கு மணி அடிக்க ஐந்து நிமிஷம்தான் இருந்தது. மொபெட்டைத் திருப்பித் தர வேண்டும், மூட்டையைச் சத்துணவுக் கூடத்தின் ஓரத்தில் இறக்கி வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கைதட்டல் இன்னும் காதில் இருந்தது.

"வண்டி வெயிட்ட நான் பாத்துக்கறேன்மா. நீ மூட்டைய பாரு" என்றேன்.

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் சிரிக்காமல் கையை இறக்கினாள். நல்ல நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச் மாதம் பொதுத்தேர்வு முடிந்தது. விடைத்தாள் திருத்த விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்குப் போட்டார்கள். உங்களில் பலர் இன்னும் திருத்தும் முகாமுக்குப் போயிருக்கமாட்டீர்கள் என்பதால் சொல்கிறேன். ஒரு பெரிய ஹால். மேசைக்கு ஆறு ஏழு பேர், அவர்களுக்குத் தலைமையாக ஒரு முதன்மைத் தேர்வாளர். தாளில் மாணவன் பெயர், பள்ளி எதுவும் இருக்காது. எல்லாம் ரகசிய எண். வழக்கமாக நம் பக்கத்துத் தாள் நம் கைக்கு வராது. அந்த வருஷம் எங்கள் பகுதிக் கட்டு ஒன்று அதே ஹாலுக்கு வந்துவிட்டது. எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. என் தலையெழுத்து பஸ் பிடித்து வந்தது என்றுதான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு முதுகு காட்டி அடுத்த மேசையில் பஷீர் உட்கார்ந்திருந்தார். கோட்டக்குப்பத்துக்காரர், என் வயசு, ஹால் முழுக்கக் கேட்கிற குரல். மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்பு அந்தக் குரல் வந்தது.

"சார், இங்க பாருங்களேன். மோட்டார் இழுக்கிற ட்ராலிய எவனோ ஒருத்தன் தள்ளிக்கினே கெடக்கிறான்."

"யாரு?" என்றேன், திரும்பாமல்.

"தெரியல சார். மூணு தாள்லயும் அவன்தான் தள்றான். தள்ளுபவர் ஒருவரே ஆகையால்னு எழுதியிருக்கு."

நான் முதலில் சிரித்தேன். அதுதான் என் பிழைப்பு. யாராவது ஒரு வாக்கியம் சொன்னால் சிரித்துவிட்டுத்தான் யோசிப்பேன். சிரிப்பு பாதியில் இருக்கும்போது அந்த வாக்கியம் யாருடையது என்று ஞாபகம் வந்தது. மீதி சிரிப்பை என்ன செய்வது என்று தெரியாமல் இருமிக்கொண்டேன்.

எழுந்து போய் எட்டிப் பார்த்தேன். கேள்வி இதுதான். இருபது கிலோ எடையுள்ள காலியான ட்ராலி ஒன்றை மோட்டார் இழுக்கும்போது முடுக்கம் ஆறு. அதே விசையில், ட்ராலியில் நாற்பது கிலோ சுமை ஏற்றினால் முடுக்கம் என்ன? நான்கு மதிப்பெண். ட்ராலியும் சுமையும் சேர்ந்து அறுபது கிலோ. இருபதை ஆறால் பெருக்கி அறுபதால் வகுத்தால் விடை இரண்டு.

அந்தத் தாள்களில் நாற்பதால் வகுத்திருந்தார்கள். விடை மூன்று. அடியில் இரண்டு கோடு.

ட்ராலியின் எடையை ஒருவரும் சேர்க்கவில்லை. ஏன் சேர்ப்பார்கள்? வண்டியின் எடையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேனே.

அதற்குள் அந்த மேசையில் மற்றவர்களும் தங்கள் தாள்களைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார்கள். இங்க ஒன்னு, இங்க ரெண்டு என்று குரல்கள். அந்த மேசையின் முதன்மைத் தேர்வாளர் முகையூர்ப் பக்கத்துத் தலைமையாசிரியை. விவசாயக் குடும்பம், வெயிலில் நின்று வேலை வாங்கிப் பழகியவர் மாதிரி ஒரு பார்வை. அவர் எல்லாத் தாளையும் வாங்கி வரிசையாக அடுக்கினார். பதினேழு தாள், பதினேழிலும் அதே வரி. மீதிக் கட்டையும் பிரித்துப் பார்க்கச் சொன்னார்.

"இது காப்பி இல்ல. ஒருத்தரப் பாத்து ஒருத்தர் எழுதினா அங்கங்க மாறும்" என்றார். "இது வெளிய இருந்து யாரோ ஹாலுக்குள்ள சொல்லிக் குடுத்திருக்காங்க. கேக்காத ஒன்ன, தள்றவன்னு ஒருத்தன, எல்லாப் புள்ளைங்களும் எப்படிங்க ஒரே மாதிரி எழுதும்? நான் ரிப்போர்ட் எழுதறேன்."

ரிப்போர்ட் எழுதினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த மையத்துப் பிள்ளைகளின் முடிவு நிறுத்திவைக்கப்படும். விசாரணை வரும். ஹாலில் இருந்த மேற்பார்வையாளர்கள் பதில் சொல்ல வேண்டும். பிளஸ் ஒன் சேர்க்கை முடிந்து பள்ளி நடக்க ஆரம்பித்த பிறகும் என் முப்பத்தெட்டுப் பேரும் காப்பியடித்த கூட்டம் என்ற பெயரோடு வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் செய்த குற்றம், நான் சொன்னதை அப்படியே நம்பியது.

இந்த இடத்தில் நான் உடனே எழுந்து உண்மையைச் சொன்னேன் என்று எழுதினால் உங்களுக்கு என்மேல் மரியாதை வரும். ஆனால் நான் போய் டீ குடித்தேன்.

பள்ளி வாசலுக்கு வெளியே ஒரு கடை. டீயும் ஒரு போண்டாவும் வாங்கிக்கொண்டு, யோசிக்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டு நின்றேன். எழுந்து சொன்னால் ஹாலில் இருக்கும் அத்தனை ஆசிரியர்களுக்கும் முன்னால் என் மானம் போகும். வண்டி எடையைச் சேர்க்கத் தெரியாத வாத்தியார் என்று ஓய்வு பெறும்வரை கூப்பிடுவார்கள். அதோடு தாள் யாருடையது என்று தெரிந்துகொண்டதே ஒரு குற்றம். நானே போய் மாட்டிக்கொள்கிறேன். மறுபக்கம், நான் சொல்லாவிட்டாலும் விசாரணையில் எப்படியும் தெரியவரும் என்று ஒரு சமாதானம். எதிர்மாறலுக்கு அன்றைக்கு எனக்குக் கிடைத்த உதாரணம் போல எந்தப் புத்தகத்திலும் இல்லை. பயம் இரண்டு மடங்கானபோது என் புத்தி பாதியானது. போண்டா தீர்ந்தபோது புத்தி சுமார் கால் பங்கு இருந்தது.

அந்தக் கால் பங்கு ஒரே ஒரு விஷயத்தைச் சொன்னது. விசாரணையில் தெரிவதற்குள் ஜூலை வந்துவிடும்.

உள்ளே போனேன். மேடம் ரிப்போர்ட்டின் இரண்டாவது பத்தியில் இருந்தார்.

"மேடம், அந்த ஆளு நான்தான்."

பேனா நின்றது. அவர் தலையைத் தூக்கி என்னை மேலிருந்து கீழே பார்த்தார். "நீங்களா? எக்ஸாம் அன்னிக்கு ஹாலுக்குள்ள போனீங்களா?"

"இல்ல மேடம். அதுக்கு எட்டு மாசம் முன்னாடியே போயிட்டேன். கிளாஸ்ல."

பஷீர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். அந்தப் பகுதியே சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தது. நான் மொபெட், மூட்டை, பாட்டு எல்லாவற்றையும் சொன்னேன். தாளைப் பார்க்காமலே வரி வரியாக ஒப்பித்தேன். முதல் வரியில் என்ன, இரண்டாம் வரியில் என்ன, கோடு எங்கே, எத்தனை. எனக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. முடிந்ததும் யாராவது கைதட்டுவார்கள் என்றுகூட எதிர்பார்த்தேன். பழக்கதோஷம்.

மேடம் தட்டவில்லை. "உங்களுக்கு அச்சுப்பிசகாம தெரியுது. அப்ப எனக்கு சந்தேகம் கூடுதா கொறையுதா, நீங்களே சொல்லுங்க."

"கூடுது மேடம்."

"அன்னிக்கு எங்க இருந்தீங்க?"

"வேற ஸ்கூல்ல ஹால் டியூட்டி. ஆர்டர் கையில இருக்கு."

"ஆர்டர் இருக்கட்டும். பாடம் நடத்தினா அத இப்படியா எழுதும் புள்ளைங்க? நானும் இருவது வருசமா நடத்தறேன். நான் சொன்னத ஒரு புள்ளயாவது அப்படியே எழுதி நான் பாத்ததில்ல."

என் பிள்ளைகள் அப்படித்தான் மேடம் என்று சொன்னால் அவரை மட்டம் தட்டியது மாதிரி ஆகும். வாசல் பக்கம் பார்த்தேன். தாள்களுக்குக் காவலாக அங்கே ஒரு போலீஸ்காரர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நாலு நாளாக அந்த வாசலைக் கடந்து போகிறேன், முகத்தைப் பார்க்கவில்லை. நான் பார்த்ததும் அவர் எழுந்து நின்றார். போலீஸ்காரர் எழுந்து நின்றால் இரண்டே காரணம்தான். ஒன்று மேலதிகாரி, இல்லையென்றால் வாத்தியார்.

"சார், நான் பாஸ்கர் சார். பத்தாவது பி செக்ஷன். நீங்க என்ன மொபெட்டு தள்ள வெச்சீங்களே."

எத்தனை வருஷம் ஆச்சு என்று மேடம் கேட்டார். பத்தாவது முடித்துப் பதினோரு வருஷம் என்றான் பாஸ்கர். மேடம் என்னைப் பேசாமல் இருக்கும்படி கையைக் காட்டினார். அவனுக்கு ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொடுத்து, ட்ராலிக் கேள்வியை நிதானமாகப் படித்துக் காட்டினார்.

"எதுக்கு மேடம்?"

"சும்மா, போட்டுப் பாருங்க தம்பி."

பாஸ்கர் தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டான். பேனா மூடியைக் கடித்தான். எனக்கு அந்த ஒரு நிமிஷம் ரொம்பப் பேஜாராக இருந்தது. இத்தனை வருஷத்தில் எந்த மாணவனும் தப்பாக எழுத வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டதில்லை. அன்றைக்கு வேண்டிக்கொண்டேன். இவன் போலீஸ் தேர்வுக்குப் படிக்கும்போது வேறு எங்காவது சரியாகக் கற்றுக்கொண்டிருந்தால் என் பிள்ளைகள் தொலைந்தார்கள்.

எழுதினான். அடியில் ஒரு கோடு போட்டான். கொஞ்சம் யோசித்து இன்னொரு கோடு போட்டான். மேடத்திடம் நீட்டினான்.

மேடம் சத்தமாகப் படித்தார். "தள்ளுபவர் ஒருவரே ஆகையால்."

பஷீர் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினார். ஹாலின் அந்தப் பக்கம் முழுக்கச் சிரிப்பு. பாஸ்கர் என்னைப் பார்த்தான். "தப்பா சார்?"

"தப்புதான்டா. ரொம்ப நல்லா எழுதியிருக்க" என்றேன். இப்படி ஒரு பாராட்டை நீங்கள் யாருக்கும் கொடுக்க நேராது.

மேடம் மட்டும் சிரிக்காமல் ரிப்போர்ட்டை எடுத்து நாலாகக் கிழித்தார். "சார், நீங்க நல்லா நடத்தியிருக்கீங்க. அதான் பிரச்சன" என்றார்.

என் பணிக்காலத்தில் எனக்குக் கிடைத்த நற்சான்றிதழ் இது ஒன்றுதான். அதை நான் சட்டம் போட்டு மாட்ட முடியாது. உங்களிடம் சொல்லிக்கொள்ளலாம். மேலதிகாரிகள் என் வகுப்பைப் பார்க்க வந்து நன்று, மிக நன்று என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். இவர் ஒருவர்தான் என்னைச் சரியாகப் படித்தார்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை ஒரு வெற்றிக் கதையாகச் சொல்லித் திரிந்திருப்பேன். பஷீர் சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மீதித் தாள்களைத் திருத்த ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் அவர் குரல் மறுபடி வந்தது. இந்த முறை மெதுவாக.

"சார், இது வேற மாதிரி இருக்கு."

அந்தத் தாளில் முதலில் சரியான வழிமுறை இருந்தது. ட்ராலியின் நிறை இருபது, சுமை நாற்பது, மொத்தம் அறுபது. விடை இரண்டு. அதன் மேல் குறுக்காக ஒரு கோடு, ஸ்கேல் வைத்து, நேராக. அடித்துவிட்டுக் கீழே என் வாக்கியத்தை எழுதி, நாற்பதால் வகுத்து, மூன்று என்று போட்டு, இரண்டு கோடு இழுத்திருந்தாள். "இழுத்திருந்தாள்" என்று எழுதிவிட்டேன். தாளில் பெயர் இல்லை. எனக்குக் கையெழுத்து தேவைப்படவில்லை. வண்டியின் எடையைக் கேட்க என் வகுப்பில் ஒரே ஓர் ஆள்தான் இருந்தாள்.

மேடத்திடம் எடுத்துக்கொண்டு போனேன். "மேடம், இதுக்கு நாலு மார்க்கும் போடலாம் இல்லையா? சரியா போட்டுட்டுத்தான் அடிச்சிருக்கு."

"அடிச்சத திருத்தக்கூடாது. உங்களுக்குத் தெரியும்."

"தெரியும் மேடம். ஆனா தப்பு அதோடது இல்ல, என்னோடது."

"ஆமா, உங்களுது" என்றார். குரல் ஏறவேயில்லை. "மார்க்கு அதோடது. இன்னிக்கு உங்க மனசு கேக்கலன்னு இதுக்குப் போட்டா, நாளைக்கு அடுத்த டேபிள்ல அடிச்ச வேற ஒரு புள்ளைக்கு யாரு போடுவா? சூத்திரத்துக்கு எல்லாருக்கும் ஒரு மார்க். இதுக்கும் ஒன்னு. நீங்க அந்தப் புள்ளகிட்ட பேச வேண்டியத இங்க என்கிட்ட பேசிக்கினு இருக்கீங்க."

பஷீர் ஒரு மார்க் போட்டார். மேடம் சொன்னது சரி. இன்றைக்கும் சரி. ஆனால் அந்த மூன்று மார்க் இன்னும் என் கணக்கில்தான் இருக்கிறது.

அன்று மாலை திண்டிவனம் பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. நான் ஜோக் அடிக்காமல் வந்த ஒரே பயணம் அதுதான் என்று கண்டக்டர் சாட்சி சொல்வார்.

முடிவு வந்தது. என் முப்பத்தெட்டுப் பேரும் தேறியிருந்தார்கள். மதிப்பெண் பட்டியல் வாங்க சங்கீதா வந்த அன்று வராந்தாவில் நாலைந்து பிள்ளைகளும் அலுவலக உதவியாளரும் இருந்தார்கள். அறைக்குள் கூப்பிட்டுச் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் நினைத்துப் பார்த்தேன். சிரித்தது எல்லார் முன்னாலும். மன்னிப்பு மட்டும் எதற்கு அறைக்குள்?

"சங்கீதா, அன்னிக்கு வண்டி வெயிட்டு கேட்டியே, அது சரியான கேள்வி. நான்தான் தப்பா சொல்லிக் குடுத்தேன். பரீட்சையிலும் அதனாலதான் உனக்கு மார்க்கு போச்சு."

"தெரியும் சார்" என்றாள்.

"தெரிஞ்சா எதுக்கு மாத்தி எழுதின?"

அவள் பட்டியலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கேட்டப்ப எல்லாரும் சிரிச்சாங்க சார். எழுதினா திருத்துறவங்களும் சிரிப்பாங்கன்னு நெனச்சேன்."

திருத்துகிறவர்கள் சிரித்தார்கள். அவளைப் பார்த்து இல்லை. இதை அவளிடம் சொன்னேன். விழுப்புரத்து ஹாலையும் பாஸ்கரையும் அவன் போட்ட இரண்டாவது கோட்டையும் சொன்னேன். தாள் அவளுடையது என்று பஷீருக்கோ மேடத்துக்கோ தெரியாது என்பதையும் சொன்னேன். பாஸ்கர் தொப்பியை அக்குளில் வைத்துக்கொண்ட இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பத்து மாதம் கழித்து நான் அவளை ஒழுங்காகச் சிரிக்கவைத்தேன்.

"இப்ப அந்த வண்டி எத்தன கிலோ சார்?" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் அதே மொபெட். எனக்குத் தெரியவில்லை.

பள்ளியிலிருந்து கொஞ்சம் தள்ளி, நெடுஞ்சாலையில், நெல் லாரிகளுக்கு எடை போடும் மேடை ஒன்று இருந்தது. மொபெட்டில் நான் போனேன். சங்கீதாவும் நாலு பிள்ளைகளும் அலுவலக உதவியாளரும் நடந்து வந்தார்கள். எடைமேடைக்காரர் எங்கள் ஊர்வலத்தைப் பார்த்துவிட்டு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"இன்னா சார், இதுக்கா எடை?"

"பாடத்துக்கு" என்றேன்.

"லோடு எங்க?"

"லோடு இல்ல. வண்டி மட்டும்."

"அதான் சரி. மொதல்ல காலி வண்டிதான் ஏத்தணும். அது தெரியாம லோடு எடை எப்படி வரும்? சின்ன புள்ளைக்குக்கூட தெரியும்" என்றார் அவர், யாரையும் குறிப்பிடாமல். பிள்ளைகள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

மொபெட்டை மேடையின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினேன். எண் ஏறி நின்றது. நூற்று ஐம்பது.

"பாத்தீங்களா?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி ஆரம்பித்தேன். பழைய உற்சாகம் வந்துவிட்டது. "வண்டியே நூத்தம்பது கிலோ. ஒரு மூட்ட ஏத்தினா நூத்தித் தொண்ணூறு, ரெண்டு மூட்ட ஏத்தினா எரநூத்தி முப்பது. அதனாலதான் பாதியா கொறையல. உராய்வு இல்ல, ஒன்னும் இல்ல. தள்ளுபவர் ஒருவரே ஆகையால்..."

சங்கீதா கையைத் தூக்கியிருந்தாள். எடைமேடையில், வெயிலில், வகுப்பில் தூக்குகிற மாதிரியே. இந்த முறை நான் வாயை மூடிக்கொண்டேன்.

"சார், எறங்குங்க."

நான் வண்டிமேல் உட்கார்ந்திருந்தேன்.

இறங்கினேன். மேடையை விட்டு விலகி நின்றேன். எண் இறங்கி எழுபதில் நின்றது. அவள் நூற்று ஐம்பதில் எழுபதைக் கழித்தாள். விரல்கூட மடக்கவில்லை.

"எண்பது" என்றாள். "நீங்க சரியா ரெண்டு மூட்ட சார்."

அன்று பிள்ளைகள் எல்லாரும் சிரித்தார்கள், உரக்கச் சிரித்தது நான்தான். எடைமேடைக்காரர் கொடுத்த சீட்டை, அவளுடைய கழித்தலோடு, ஓய்வு பெறும்வரை என் பாடக்குறிப்பேட்டில் ஒட்டிவைத்திருந்தேன். அடுத்த இரண்டு வருஷம் சங்கீதா அதே பள்ளியில் பிளஸ் ஒன்னும் பிளஸ் டூவும் படித்தாள். பத்தாம் வகுப்புக்கு மொபெட்டை மைதானத்தில் இறக்கும் நாளில் அவளையும் கூப்பிடுவேன். பாட்டு மாறவில்லை. ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி சேர்ந்தது. வகுப்பே கேட்கும்: "வண்டி வெயிட்டு?" தமிழாசிரியர் ஜன்னலை மூடுவார்.

உங்கள் வகுப்பில் ஒரு கணக்கு வராமல் போனால் பிள்ளைகளைத் திட்டுவதற்கு முன்னால் அந்தச் சீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பாடம் எவ்வளவு கனம், பிள்ளைக்கு எவ்வளவு பலம் என்று மட்டும் பார்த்தால் விடை ஒத்துவராது. நடுவில் வண்டிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, கைதட்டலுக்குக் காத்திருக்கும் அந்த ரெண்டு மூட்டையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால் இறங்கிவிடுங்கள்.